பொம்மை விற்காத கதை

என் அக்காள் மகன் ஒருவன் இருக்கிறான். வயது முப்பது. ஒரு கம்பெனியிலே கணக்கு உத்தியோகம். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. யார் வம்புக்கும் போகாத பிள்ளை. சமீபத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து பார்த்தால், கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, ஆபீஸிலே ஏதாவது தகராறா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒன்றுமில்லை மாமா. இந்தக் கதையை இரண்டாம் தடவையும் அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். வருஷக்கணக்காகிறது. ஏன் என்று கேட்க ஆளில்லை" என்றான்.

எட்டிப் பார்த்தேன். சித்திரப் படம். பச்சை நிறத்தில் ஒரு பெண் ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே முகமூடி போட்ட பையன் ஒருவன் கூரை விட்டுக் கூரை தாவினான்.

ஊஞ்சலில் இருந்த அத்தான் உரக்கச் சிரித்தார். "பார்த்தீரா மாப்பிள்ளை! முப்பது வயசுத் தடியன், பொம்மைப் படம் நின்றுபோச்சு என்று துக்கம் கொண்டாடுகிறான்!"

நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அன்றிரவு பையனைச் சமாதானப்படுத்துவதற்காக முதல் இரண்டு பகுதிகளைப் பார்த்தேன். பிறகு என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வதற்காக மிச்சம் தொண்ணூற்றாறு பகுதிகளையும் பார்த்தேன். அதன் பின், அந்தக் கதையைப் பற்றி அமெரிக்காவிலும் பிற தேசங்களிலும் ரசிகர்கள் எழுதியும் பேசியும் வைத்திருக்கும் அபிப்பிராயங்களையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது மூன்று கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டை மூண்டுவிட்டது. ஒருவர் என் அத்தான். இன்னொருவர் பொம்மைக் கடைக்காரர். மூன்றாமவர், சொன்னால் வருத்தப்படுவார்கள், அந்த ரசிகர்களேதான்.

முதலில் அத்தானைக் கவனிப்போம்.

கதையின் பெயர் 'யங் ஜஸ்டிஸ்'. கிரெக் வைஸ்மன், பிராண்டன் வியெட்டி என்ற இருவர் உருவாக்கியது. 2010 நவம்பரில் அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க் டெலிவிஷனில் தொடங்கிற்று. சூப்பர்மேன், பேட்மேன் என்கிற பெரிய வீரர்களைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கதை அவர்களைப் பற்றியது அல்ல. அவர்களுக்குப் பின்னால் எடுபிடியாக ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றியது. "நாங்களும் ஆள்தான்; எங்களையும் மதித்துப் பேசுங்கள்" என்று அந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரியவர்கள் மழுப்புகிறார்கள். கதையின் முதல் சண்டையே அதுதான்.

அதிலே ஒரு பையன். சூப்பர்மேனின் அணுவை எடுத்துச் சோதனைச் சாலையில் ரகசியமாக வளர்த்த பிள்ளை. அவனுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. தகப்பன் ஸ்தானத்தில் இருக்க வேண்டிய மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். உலகத்தில் எவன் கூப்பிட்டாலும் ஓடி வந்து காப்பாற்றுகிற அந்த மகாவீரர், இந்த ஒரு பையனின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் தவிக்கிறார். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிவிட்டுப் பறந்து போய்விடுகிறார். ஊருக்கெல்லாம் உபகாரி, பெற்ற பிள்ளைக்கு மட்டும் அந்நியன். இப்படிப்பட்ட மனிதர்களை நம் தெருவிலேயே நான் கண்டிருக்கிறேன். இதையே போர்வையும் முகமூடியும் இல்லாமல், ஒரு வக்கீலையும் அவர் ஏற்க மறுத்த மகனையும் வைத்து எழுதியிருந்தால் என் அத்தான் அதை உயர்ந்த இலக்கியம் என்று சொல்லி எனக்கே படிக்கக் கொடுத்திருப்பார்.

இன்னொரு பெண், அந்தப் பச்சை நிறக்காரி. செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவள். நினைத்த உருவம் எடுக்கும் வித்தை தெரிந்தவள். தன் சொந்த உருவத்தைக் கண்டு தானே வெட்கப்படுகிறாள். அதைச் சிநேகிதர்கள் பார்த்துவிட்டால் அருவருத்து விலகிவிடுவார்களோ என்று நடுங்குகிறாள். பூமிக்கு வருவதற்கு முன்னால் அவளுக்குக் கிடைத்தது ஒரு பழைய டெலிவிஷன் தொடர். எப்போதோ நின்றுபோய், ஜனங்கள் மறந்துபோன ஹாஸ்யத் தொடர். அதில் வரும் கதாநாயகியின் முகத்தையும் பேச்சையும் சிரிப்பையும் எடுத்துக்கொண்டுதான் அவள் பூமியில் மனுஷியாக நடமாடுகிறாள். நின்றுபோன ஒரு தொடர், எங்கோ ஒரு தனிமையான ஜீவனுக்கு முகம் கொடுத்துவிட்டது! இதை எழுதியவர்கள் ரசிகனின் மனத்தை எவ்வளவு உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

"பறக்கிறவர்கள் கதை குழந்தைகளுக்கு" என்று சொல்கிறவர்களை நான் ஒன்று கேட்கிறேன். மலையைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு கடலைத் தாண்டியவன் கதையை நாம் ராத்திரி முழுவதும் கண் விழித்துக் கேட்டவர்கள்தானே? பத்துத் தலை ராஜாவுக்காகக் கண்ணீர் விட்டவர்கள்தானே? அப்போது நாம் பார்த்தது பத்துத் தலையையா, அதற்குள் இருந்த ஒரு மனத்தையா? சித்திரத்தில் எழுதியதா, மேடையில் ஆடியதா, ஏட்டில் எழுதியதா என்பது இரண்டாம் விஷயம். உள்ளே மனுஷன் இருக்கிறானா என்பதுதான் விஷயம். இதிலே இருக்கிறான். ஆகவே அத்தானின் சிரிப்பு தள்ளுபடி.

இனிப் பொம்மைக் கடைக்காரர்.

அந்தத் தொடர் 46 பகுதிகள் நடந்தது. 2012 அக்டோபரில் ஒரு நாள் முன்னறிவிப்பு ஒன்றுமில்லாமல் திடீரென்று ஒளிபரப்பை நிறுத்தினார்கள். 2013 ஜனவரியில் மறுபடியும் போட்டார்கள். மார்ச்சோடு முற்றுப்புள்ளி. இல்லை, முற்றுப்புள்ளி என்று சொல்வது தவறு. கடைசிப் பகுதியில் கதாநாயகர்களில் ஒருவன் பூமியைக் காப்பாற்ற ஓடி ஓடியே காற்றோடு கரைந்து போகிறான். அவனை நேசித்தவள் அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் வில்லன்கள், அவர்களுக்கும் மேலான ஒரு பெரிய அசுரனோடு கை கோத்துக்கொள்வதைக் காட்டிவிட்டுத் திரையை இறக்கிவிட்டார்கள். வாக்கியத்தின் நடுவில் பேனாவைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி.

ஏன் நிறுத்தினார்கள்? பார்க்க ஆளில்லையா? இருந்தார்கள். கதை கெட்டுவிட்டதா? இல்லை. காரணத்தை வைஸ்மனே பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தொடருக்குப் பணத்தின் பெரும் பகுதி வந்தது மேட்டல் என்ற பொம்மைக் கம்பெனியிடமிருந்து. கதையில் வரும் வீரர்களைப் பொம்மையாகச் செய்து அவர்கள் கடையில் வைத்தார்கள். பொம்மை எதிர்பார்த்தபடி விற்கவில்லை. கம்பெனி பணத்தை நிறுத்திக்கொண்டது. பணம் நின்றது, கதை நின்றது. அவ்வளவுதான்.

அதே சமயத்தில், அதே டெலிவிஷனில், 'கிரீன் லாண்டர்ன்' என்று இன்னொரு சித்திரத் தொடரும் 26 பகுதிகளோடு நின்றுபோயிற்று. அதற்குக் காரணம் இன்னும் விசித்திரம். 2011-ல் அதே வீரனை வைத்து ஒரு சினிமா எடுத்தார்கள், படம் தோற்றது, அதற்காகச் செய்த பொம்மைகள் கடைகளில் தேங்கிவிட்டன. ஆகவே சித்திரத் தொடருக்கென்று புதிதாகப் பொம்மை வாங்கி வைக்க எந்தக் கடைக்காரரும் சம்மதிக்கவில்லை. தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவரான புரூஸ் டிம் சொன்ன விளக்கம் இது. ஒரு கதை பொம்மை விற்காததால் செத்தது. மற்றொரு கதை பொம்மையே பிறக்காததால் செத்தது. இரண்டு கதைகளின் சாவுச் சீட்டிலும் கதையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது!

வைஸ்மனுக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 2008-ல் அவரும் விக்டர் குக் என்பவரும் சேர்ந்து 'ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்-மேன்' என்ற தொடரைச் செய்தார்கள். அதுவும் 26 பகுதிகளோடு நின்றது. அங்கே குறுக்கே வந்தது பொம்மை அல்ல, பத்திரம். சித்திரத் தொடர் எடுக்கும் உரிமை சோனியின் கையிலிருந்து மார்வெல் கைக்குத் திரும்பிப் போயிற்று. மார்வெலை டிஸ்னி வாங்கிற்று. புதிய எஜமானர்கள் தங்களுக்கென்று வேறு தொடர் செய்துகொண்டார்கள். வீடு கை மாறியபோது குடியிருந்தவனின் சாமான்களை வீதியில் வைத்த கதை.

இது நேற்று முளைத்த வியாதியும் இல்லை. 1969-ல் அமெரிக்க டெலிவிஷனில் 'ஹாட் வீல்ஸ்' என்று ஒரு சித்திரத் தொடர் வந்தது. அதே பெயரில் மேட்டல் கம்பெனி விளையாட்டுக் கார் விற்றுக்கொண்டிருந்தது. 'இது கதையா, அரை மணி நேர விளம்பரமா?' என்று போட்டிக் கம்பெனி ஒன்று சர்க்காரிடம் புகார் செய்தது. ஒலி, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் சர்க்கார் கமிஷனும் அதில் நியாயம் இருப்பதாகக் கண்டது. பிறகு 1983-ல் 'ஹீ-மேன்' வந்தான். முதலில் பொம்மை, பின்னால்தான் கதை. 1984-ல் விளம்பர நேரத்துக்கு இருந்த கட்டுப்பாட்டையும் கமிஷன் தளர்த்திவிட்டது. அதன் பின் கேட்பானேன்! கதை என்பது வண்டி, பொம்மைதான் சரக்கு. சரக்கு விலை போகவில்லையென்றால் வண்டியை உடைத்து விறகாக்கு. இதுதான் சட்டம்.

கடைக்காரர் பக்கத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அவர் சொல்லுவார்: "ஐயா, எழுத்தாளரே! உமக்கென்ன, ஒரு குயர் காகிதமும் ஒரு பேனாவும் போதும். ஒரு சித்திரப் பகுதிக்கு எத்தனை பேர் படம் போட வேண்டும் தெரியுமா? அமெரிக்காவில் எழுதி, தென்கொரியாவில் படம் வரைந்து, மறுபடி அமெரிக்காவில் சேர்த்து முடிக்கிறோம். அத்தனை பேருக்கும் கூலி யார் தருவது? பணம் போடுகிறவன் பணம் வராவிட்டால் நிறுத்தத்தான் செய்வான். ரசிகனுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோமா?"

நல்ல கேள்வி. பணம் வராத தொழிலை நடத்து என்று நான் யாருக்கும் உபதேசம் செய்ய மாட்டேன். எனக்கும் குடும்பம் உண்டு; எழுதிப் பிழைப்பவன்தான். ஆனால் கடைசிக் கேள்விக்கு மட்டும் என் பதில்: ஆம், கடன்பட்டிருக்கிறீர்கள். ஒரு கதையின் அடியில் 'தொடரும்' என்று போட்டவன் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டவன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ரசிகன் அடுத்த வாரம் வருகிறான். அவன் வருகிறான் என்பதைக் காட்டித்தான் நீங்கள் விளம்பரம் வாங்குகிறீர்கள். நம்பிக்கையைக் கைநீட்டி வாங்கிக் காசாக்கிக்கொண்டு, பிறகு 'நான் வாங்கவே இல்லையே' என்றால் எந்த ஊர் நியாயம்?

இது எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரிந்த சமாசாரம். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை ஒன்று வந்தது. பத்திரிகையின் பெயர் வேண்டாம். பதினான்காவது வாரத்தில், கதையில் ஒரு பெண் கணவன் வீட்டைவிட்டுக் கைக்குழந்தையோடு ராத்திரி ரயிலேறிவிட்டாள். பதினைந்தாவது வாரம் கதை வரவில்லை. நிர்வாகத்தில் ஏதோ சிக்கன ஏற்பாடாம், பக்கங்களைக் குறைத்தார்களாம். ஆசிரியர் டெலிபோனில் வருத்தப்பட்டார். "ஒரே ஒரு அத்தியாயம் கொடுங்கள், முடித்துவிடுகிறேன்" என்று கெஞ்சினேன். இடமில்லை என்றார். என் சம்பளப் பாக்கி வந்துசேர்ந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

ஒரு மாதம் கழித்து ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. எழுதியிருந்தது ஓர் அம்மாள். கோணல் கையெழுத்து. தம் பெயரைக்கூட முழுதாக எழுதவில்லை. கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி: ரயிலேறிய பெண் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாளா, இல்லையா?

அந்தக் கேள்வியை அந்த அம்மாள் ஏன் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் ஒரு ரயில் இருந்ததோ என்னவோ! அன்றிரவே உட்கார்ந்து, மீதிக் கதையை நான்கு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. 'மனசு ஆறிற்று. ஆனால் நான் நினைத்திருந்த முடிவு இது இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் இத்தனை வருஷமாக நான் மறக்கவில்லை. ரசிகனின் உரிமை என்ன, எல்லை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாஸ்திரம் எனக்குக் கிடைக்கவில்லை. முடிவு வேண்டும் என்று கேட்க ரசிகனுக்கு உரிமை உண்டு. தான் நினைத்த முடிவுதான் வேண்டும் என்று கேட்க உரிமை இல்லை.

இப்போது மூன்றாம் கட்சிக்காரர்களான ரசிகர்களிடம் வருகிறேன். இத்தனை நேரம் உங்களுக்காக வாதாடினேனே என்று என்னைத் தோளில் தூக்க வராதீர்கள். உங்கள் மேலும் எனக்குக் குறை உண்டு.

முதல் குறை, குற்றவாளியைப் பிடிப்பதில் உங்களுக்குள்ள அவசரம். உங்கள் தொடர் நின்ற அடுத்த மாதம், 2013 ஏப்ரலில், அதே டெலிவிஷனில் 'டீன் டைட்டன்ஸ் கோ' என்ற ஹாஸ்யத் தொடர் தொடங்கிற்று. முன்னூறுக்கும் மேற்பட்ட பகுதிகளைத் தாண்டி ஓடிற்று. அன்று தொடங்கி அதை நீங்கள் திட்டாத திட்டு இல்லை. அதைச் செய்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் தொடர் செய்த பாவம் என்ன? சின்னக் குழந்தைகளைச் சிரிக்க வைத்தது. உங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்தவனை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் விளக்கெரிகிறதே என்று கல்லெறிகிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரனும் உங்களைப் போல் ஒரு குடித்தனக்காரன்தான், வீட்டுச் சொந்தக்காரன் இல்லை.

இரண்டாவது, பெண்களைப் பற்றிய விவகாரம். இதில் நீங்கள் பாதி சரி. 2013 டிசம்பரில் பால் டினி என்பவர், பழைய பேட்மேன் சித்திரத் தொடரில் பெயர் வாங்கிய எழுத்தாளர், ஒரு பேட்டியில் மனம் விட்டுப் பேசினார். வீரக் கதைகளைப் பெண் குழந்தைகள் அதிகம் பார்ப்பதை மேலிடத்தார் விரும்புவதில்லை; பெண்கள் பொம்மை வாங்குவதில்லை என்பது அவர்கள் எண்ணம் என்ற அர்த்தத்தில் சொன்னார். உடனே நீங்கள், 'பெண்கள் பார்த்ததால்தான் எங்கள் தொடரை நிறுத்திவிட்டார்கள்' என்று முடிவு கட்டினீர்கள். வைஸ்மனோ, பொம்மைக் கம்பெனிப் பணம் நின்றதுதான் காரணம், வேறு காரணம் தேட வேண்டாம் என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று நீங்கள் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறீர்கள்.

எனக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. பையன்களுக்கு என்று பொம்மை செய்து, பையன்கள் வாங்கினார்களா என்று மட்டும் எண்ணுகிற கணக்குப் புஸ்தகத்தில், பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பத்தியே கிடையாது. அவளை யாரும் வெறுக்க வேண்டியதில்லை. அவள் கணக்கில் வரவில்லை, அவ்வளவே. வெறுப்பைவிடக் கொடுமையானது இது. வெறுக்கிறவனுக்காவது நாம் அவன் எதிரில் நிற்பது தெரியும். ஆகவே சதி, சதி என்று கூவாதீர்கள். சதிகாரன் மனம் மாறக்கூடும்; கணக்குப் புஸ்தகத்துக்கு மாறுவதற்கு மனமே இல்லை. புஸ்தகத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

அப்படிக் கேட்டுப் பலனும் கண்டவர்கள் நீங்கள்தான். தொடர் நின்ற பிறகு பழைய பகுதிகளை நெட்ஃப்ளிக்ஸில் திரும்பத் திரும்பப் பார்த்தீர்கள். வட்டுகளை விலை கொடுத்து வாங்கினீர்கள். வைஸ்மனும் அதைத்தான் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். 2016 நவம்பரில் மூன்றாம் பாகம் வரும் என்று வார்னர் கம்பெனி அறிவித்தது. 2019 ஜனவரியில் வந்தது. கிட்டத்தட்ட ஆறு வருஷம்! பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் உத்தியோகஸ்தர்களாகிவிட்டார்கள். 1968-ல் 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் கடிதம் எழுதி எழுதியே அந்தத் தொடருக்கு இன்னொரு வருஷம் ஆயுள் வாங்கினார்கள். நீங்கள் அதற்கும் ஒரு படி மேலே போனீர்கள். செத்ததை எழுப்பினீர்கள். பொம்மை வாங்காமல், கதையையே விலை கொடுத்து வாங்கி, கதைக்கும் விலை உண்டு என்று நிரூபித்தீர்கள். இந்த ஒரு காரியத்துக்காக உங்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் அதற்குப் பின் நடந்ததுதான் என் மூன்றாவது குறை. கதை திரும்பி வந்ததும் உங்களில் ஒரு பகுதியினர், 'இது எங்கள் பழைய கதை இல்லை' என்று முகம் சுளித்தீர்கள். பாத்திரங்கள் அதிகமாகிவிட்டன என்றீர்கள். அது விமர்சனம், அதைச் சொல்ல உங்களுக்குப் பூரண சுதந்திரம் உண்டு. எனக்கே மூன்றாம் பாகத்தில் யார் யார் என்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது. ஆனால் உங்களில் சிலர், 2013-ல் ஓடி ஓடி மறைந்தானே, அந்தப் பையனைத் திருப்பித் தரவேண்டும் என்று கட்டளை போட்டீர்கள். 'நாங்கள்தானே தொடரைக் காப்பாற்றினோம். நாங்கள் கேட்பதைச் செய்ய வேண்டாமா?' என்றீர்கள்.

செய்ய வேண்டாம். நான்காம் பாகம் முடிகிற வரையில் அவனை அவர்கள் திருப்பித் தரவில்லை, சரியாகவே செய்தார்கள். 1893-ல் கோனன் டாயில் தன் துப்பறிவாளன் ஹோம்ஸை அருவியில் தள்ளினார். வாசகர்கள் அழுதார்கள், கோபித்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1903-ல், அவனை உயிரோடு கொண்டுவந்தார். அது அவர் கதை, அவர் கொன்றார், அவர் எழுப்பினார். ஆசிரியன் கையால் நேர்ந்த சாவு வேறு. வியாபாரி கையால் நேர்ந்த சாவு வேறு. முன்னதற்கு அழலாம், பின்னதற்குச் சண்டை போடலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி ஆசிரியன் கழுத்தில் கை வைத்தால், உங்களுக்கும் பொம்மைக் கடைக்காரருக்கும் என்ன வித்தியாசம்? அவர், 'நான் பணம் போட்டேன், ஆகவே கதை என்னுடையது' என்கிறார். நீங்கள், 'நான் அன்பு போட்டேன், ஆகவே கதை என்னுடையது' என்கிறீர்கள்.

நான்காம் பாகம் 2022 ஜூனில் முடிந்தது. கணக்குப் பார்த்தால் மொத்தம் 98 பகுதிகள். அதன் பின் ஐந்தாம் பாகத்துக்கு உத்தரவு வரவில்லை. ஆனால் இந்தத் தடவை ஒரு வித்தியாசம் இருந்தது. அந்தச் சோதனைச் சாலைப் பையனுக்கும் பச்சை நிறப் பெண்ணுக்கும் கல்யாணம் பண்ணிவைத்து, எல்லாரையும் பந்தலில் கூட்டிவிட்டுத்தான் முடித்தார்கள். அதற்கு மேலும் ஒரு புதிய ஆபத்தைக் கோடி காட்டினார்கள் என்பது வாஸ்தவம்; அதற்குத்தான் என் மருமான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஆனாலும் ரயிலேறியவர்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அடிபட்ட எழுத்தாளன் பாடம் படித்துக்கொண்டான். பணம் போடுகிறவர் படித்தாரா?

படிக்கவில்லை என்பது அதே 2022 ஆகஸ்டிலே தெரிந்தது. எடுத்து முடிக்கும் தறுவாயில் இருந்த 'பேட்கர்ல்' என்ற சினிமாவை வெளியிடுவதே இல்லை என்று வார்னர் கம்பெனி தீர்மானித்தது. 'இன்ஃபினிட்டி ட்ரெய்ன்' என்ற நல்ல சித்திரத் தொடரை, ஏற்கெனவே ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்ததை, தன் ஒளிபரப்பிலிருந்தே எடுத்துவிட்டது. முன்பெல்லாம் நின்றுபோன கதை பாதியாகவாவது கண்ணில் படும். இப்போது இருந்த பாதியையும் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். பழைய ஹாஸ்யத் தொடரைப் பார்த்து முகம் எடுத்துக்கொண்டாளே அந்தச் செவ்வாய்ப் பெண், அவள் இனி எதைப் பார்த்து முகம் எடுப்பாள்?

ஆகையால் நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஒரு தொடருக்குப் பணம் ஒதுக்கும்போதே, அதை முடித்துவைக்க ஒரு பகுதிக்கான பணத்தையும் எடுத்து வைத்துவிடுங்கள். வீடு கட்டுகிறவன் கதவுக்கும் சேர்த்துத்தான் மரம் வாங்குகிறான். விற்றாலும் விற்காவிட்டாலும், அந்த ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்துங்கள். அதோடு, ஒரு தடவை ஜனங்கள் கையில் கொடுத்த கதையைத் திரும்பப் பிடுங்காதீர்கள். ரசிகர்களே, நீங்கள் திருட்டு வழியில் பார்த்துவிட்டுத் 'தொடர் நின்றுபோச்சே' என்று அழாதீர்கள். கதைக்கு உள்ள கிரயத்தைக் கதைக்குக் கொடுங்கள். முடிவு கேளுங்கள், முடிவை எழுதித் தர வேண்டாம்.

போன வாரம் அத்தானைப் பார்த்தபோது இதையெல்லாம் சொன்னேன். "ஒரு பொம்மைப் படத்துக்கு இத்தனை வியாக்கியானமா!" என்று மறுபடியும் சிரித்தார். பக்கத்தில் அவர் பேத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவர் அப்போது ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். ராஜகுமாரன் ஏழு கடல் தாண்டிக் குகை வாசலுக்கு வந்திருந்தான். அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட, "மிச்சம் நாளைக்கு" என்று எழுந்தார். குழந்தை அவர் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "தாத்தா, முடிச்சிட்டுப் போங்க!" என்று அலறினாள்.

அத்தான் மறுபடி உட்கார்ந்து கதையை முடித்தார். ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று.